சங்கீத பண்டாரம் இடம் மாறும்போது

ஸ்ரீரங்கத்து உத்தர வீதிகளிலும் சித்திரை வீதிகளிலும், காவிரிக்குத் தென்கரையில் தெப்பக்குளம், உறையூர், தில்லைநகர்ப் பகுதிகளிலும், ஓய்வு பெற்ற ஆசிரியர், ரயில்வே குமாஸ்தா, வங்கி அதிகாரி என்று பலதரப்பட்ட சங்கீத ரசிகர்கள் தலைமுறைக் கணக்கில் தம் சொந்தச் செலவில் சேர்த்து வைத்த பாட்டுச் சேகரங்கள், முதலில் ஸ்பூல் டேப்பிலும், பின்னர்க் கேஸட்டிலும், அதன்பின் குறுந்தகட்டிலும் குடியிருந்துவிட்டு, இன்று பெரும்பாலும் ஏதேனும் ஒரு கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க்கில் வந்து அடைக்கலம் புகுந்திருக்கின்றன. அந்தக் கம்ப்யூட்டருக்கோ ஆயுள் அற்பம். புதியது ஒன்று வாங்கும்போதெல்லாம் சேகரம் முழுவதும் மூட்டை கட்டிக்கொண்டு புறப்பட வேண்டியிருக்கிறது. அவ்வாறு புறப்படுவதில் எது போய்ச் சேருகிறது, எது வழியில் தவறுகிறது, தவறாதிருக்கச் செய்யத்தக்கது யாது என்பதே ஈண்டு ஆராயப் புகுந்த விஷயம். என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒலி அநேகமாகப் பத்திரமாகப் போய்ச் சேர்ந்துவிடுகிறது, ஒலியைப் பற்றி நாம் அறிந்திருந்ததுதான் வழியில் உதிர்ந்துவிடுகிறது.

இச்சேகரங்களில் பலவற்றுக்கு மூலஸ்தானம் வானொலி. திருச்சிராப்பள்ளி வானொலி நிலையம் 1939-ஆம் ஆண்டு மே மாதம் 16-ஆம் தேதி தொடங்கப்பெற்றது. நாடு விடுதலை பெற்ற 1947-இல் இந்தியாவில் எஞ்சிய நிலையங்கள் ஆறே ஆறு; டில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை, லக்னோ என்னும் ராஜதானிகளோடு சமமாகத் திருச்சியும் அந்த வரிசையில் நின்றது என்றால் இன்றைய இளைஞர்கள் சற்றுத் தயங்கித்தான் நம்புவார்கள். நிமிஷத்திற்கு 78 முறை சுழன்ற அக்காலத்து இசைத்தட்டில் ஒரு பக்கத்திற்கு மூன்று நிமிஷமும் சில விநாடிகளுமே இடமிருந்தபடியால், ஆலாபனை, நிரவல், ஸ்வரம், தனி ஆவர்த்தனம் என்று விஸ்தாரமாக ஒரு கச்சேரியை வீட்டிலிருந்தபடியே கேட்கும் பாக்கியத்தை அளித்தது வானொலி ஒன்றுதான். ஆயினும் அது காற்றோடு வந்து காற்றோடு போயிற்று. 1963-இல் பிலிப்ஸ் நிறுவனத்தார் வெளியிட்ட கேஸட் என்னும் சிறு பெட்டி நம் ஊர்ப் பக்கம் பரவிய பிறகுதான், வானொலிப் பெட்டியும் பதிவுக் கருவியும் ஒன்றாய் இணைந்த யந்திரம் ஒன்று கூடத்தில் இருந்தால், ஆலத்தூர் சகோதரர்களையும் செம்மங்குடியையும் பிடித்து அலமாரியில் வைத்துக்கொள்ளலாம் என்ற நிலை சாதாரண குடும்பங்களுக்கும் ஏற்பட்டது.

அப்படிப் பிடிக்கப்பட்ட கேஸட் ஒன்றின் அட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தாலே நம் பிரச்சினையின் வித்து புலப்படும். நீல மையில், கோடு தாண்டாத பொடி எழுத்தில், “ஆலத்தூர் – திருச்சி ரேடியோ – தோடி – தனி” என்று எழுதியிருக்கும், ஓரத்தில் பென்சிலால், “பி பக்கம் கடைசியில் கரகரப்பு.” எந்த ஆண்டு, வயலின் யார், மிருதங்கம் யார் என்ற குறிப்பு இராது, எழுதியவருக்கு அதெல்லாம் மனப்பாடமாதலால் எழுத வேண்டிய அவசியம் அவருக்குத் தோன்றவில்லை. டேப்பிலேனும் இருக்குமோ என்றால், அங்கும் இராது. அறிவிப்பாளர் நிதானமாகப் பாடகர் பெயரையும் பக்கவாத்தியக்காரர்களின் பெயர்களையும் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்து, தொண்ணூறு நிமிஷ டேப்பில் ஓர் அங்குலமும் வீணாகலாகாது என்ற சிக்கனத்தோடு, தம்பூரா ஒலி கிளம்பிய பிறகே சிவப்பு விசையை அழுத்துவது அக்கால ரசிகர்களின் பழக்கமாக இருந்தது. இன்று அந்த டேப்பைக் கம்ப்யூட்டருக்கு மாற்றுகிற பேரப்பிள்ளைகளோ, தப்பித் தவறிப் பதிவாகியிருக்கும் அறிவிப்பையும் ‘பாட்டுக்கு இடைஞ்சல்’ என்று கத்தரித்துவிடுகிறார்கள். கல்வெட்டில் மெய்க்கீர்த்தியைச் செதுக்கி எறிந்துவிட்டுத் தானத்தின் அளவை மட்டும் வைத்துக்கொள்வதற்கு இது சமானம். இதை நான் வன்மையாகவே கண்டிக்கிறேன்.

சேகரங்கள் இடம் மாறுவதும், மாறுகையில் ஒரு பகுதி போய் ஒரு பகுதி நிற்பதும் ஸ்ரீரங்கத்துக்குப் புதிய அனுபவம் அன்று. ஹொய்சளர் காலத்திலேயே இவ்வூர்ப் பெருமாள் கோயிலில் சரஸ்வதி பண்டாரம் என்னும் புத்தகசாலை இருந்ததைக் கல்வெட்டால் அறிகிறோம். ஹயக்கிரீவரும் சரஸ்வதியும் வியாசரும் அதற்குக் காவலாக எழுந்தருளியிருந்தனர். 1323-ஆம் ஆண்டை ஒட்டி நேர்ந்த படையெடுப்பின்போது கோயிலின் உற்சவமூர்த்தியாகிய நம்பெருமாளே ஊரை விட்டு எழுந்தருள நேர்ந்து, 1371-இல்தான் திரும்பினார். அந்தக் கலக்கத்தில், ஸ்ரீபாஷ்யத்திற்குச் சுதர்சன சூரி எழுதிய சுருதப்பிரகாசிகை என்னும் வியாக்கியானத்தை வேதாந்த தேசிகர் காப்பாற்றிக் கன்னட நாட்டுப் பக்கம் கொண்டுபோனார் என்று குருபரம்பரை வரலாறுகள் கூறுகின்றன. அவர் சுவடியை மட்டும் எடுத்துச் செல்லவில்லை என்பதையும், சூரியின் புத்திரர்கள் இருவரையும் உடன் அழைத்துச் சென்றார் என்பதையும் அவ்வரலாறுகள் மறவாமல் சொல்கின்றன. சுவடியும், அந்தச் சுவடிக்கு உரிய வம்சமும் சேர்ந்தே பயணம் செய்தன.

சங்கீத விஷயத்தில் நமக்கு வாய்த்தது அவ்வளவு பூரணமான பாதுகாப்பன்று. நாதமுனிகள் திவ்வியப் பிரபந்தத்தைத் திரட்டி, தம் மருமக்களான கீழையகத்தாழ்வானையும் மேலையகத்தாழ்வானையும் கொண்டு இசையோடு பரப்பினார் என்பது சம்பிரதாயம். அந்த மரபில் வந்த அரையர்கள் இன்றும் மார்கழியில் பகல்பத்து, இராப்பத்து உற்சவங்களில் கைத்தாளம் கொண்டு ஸ்ரீரங்கத்தில் சேவிக்கிறார்கள். திருவாய்மொழியின் பதிகங்களுக்கு இன்ன பண், இன்ன தாளம் என்னும் தலைப்புக் குறிப்புகள் ஏட்டில் தங்கிவிட்டன. ஆனால் அந்தப் பண் அன்று ஒலித்த விதம் நமக்கு எட்டவில்லை. அவர்களுக்குக் குறிப்பு நின்று ஒலி போயிற்று. நம் வீட்டு ஹார்ட் டிஸ்க்கிலோ ஒலி நின்று குறிப்புப் போகிறது. இரண்டில் எது பெரிய நஷ்டம் என்று வழக்காட வேண்டியதில்லை. நம்முடையது கொஞ்சம் சிரத்தை இருந்தால் தவிர்க்கக்கூடியது என்பதுதான் வித்தியாசம்.

இனி, புதிய கம்ப்யூட்டருக்கு மாற்றுதல் என்னும் காரியத்தின் அங்கங்களைப் பார்ப்போம். ஒலியைப் படியெடுப்பது இவற்றில் மிகச் சுலபமானது. குறுந்தகட்டின் தரத்தில், அதாவது விநாடிக்கு 44,100 முறை அளந்து பதியும் முறையில், தொண்ணூறு நிமிஷக் கேஸட் ஒன்று ஏறத்தாழ 950 மெகாபைட் இடம் பிடிக்கும். எதையும் இழக்காமல் சுருக்கும் ஃபிளாக் முறையில் அதில் ஏறக்குறைய பாதி. காதுக்கு எளிதில் புலப்படாதவற்றைக் கழித்துவிடும் எம்.பி.3 முறையில், வழக்கமான 128 கிலோபிட் அளவில், ஏறத்தாழ 86 மெகாபைட்தான். ஆகவே ஐந்நூறு கேஸட் வைத்திருந்தவரின் சேகரம் முழுமையும் இன்று உள்ளங்கையில் அடங்கும் ஒரு டெராபைட் டிஸ்க்கில் பாதி இடத்துக்குள் அடங்கிவிடும். ஒரு பகற்பொழுதில் மாற்றி முடித்துவிடலாம். மத்திய அலையில் வந்த வானொலிப் பதிவுக்கு ஃபிளாக் எதற்கு, எம்.பி.3 போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. கேட்பதற்குப் போதும், வைத்துக் காப்பதற்குப் போதாது. எம்.பி.3-ஐ வெட்டி ஒட்டி மறுபடியும் எம்.பி.3 ஆக்கும் ஒவ்வொரு முறையும் கழிவு மேலும் கழிவாகிறது. இன்னொன்றும் உண்டு. பழைய கேஸட் யந்திரம் நூற்றுக்கு ஆறு பங்கு வேகமாக ஓடினாலே பாடகரின் சுருதி ஒரு ஸ்வரஸ்தானம் ஏறிவிடுகிறது. ஒரு கட்டையில் பாடியவரை ஒன்றரைக் கட்டையில் நிறுத்திய பதிவை, மூல டேப் பூசணம் பிடித்துப் போவதற்கு முன் திருத்தாவிட்டால், அதுவே அவர் குரல் என்று வருங்காலம் முடிவு கட்டிவிடும். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே தீவாகக் கிடக்கும் ஊரில் பூசணத்துக்கு வெகுநாள் காத்திருக்க வேண்டியதில்லை.

குறிப்புகளின் கதை இவ்வளவு நேரானது அன்று. எம்.பி.3 ஃபைலுக்குள் பாட்டின் பெயரையும் பாடியவர் பெயரையும் பொதிந்து வைக்க 1996-இல் ஏற்பட்ட ஐடி3 என்னும் ஏற்பாட்டில், ஃபைலின் கடைசியில் 128 பைட் இடம் ஒதுக்கினார்கள்: பாட்டுக்கு 30 எழுத்து, பாடியவருக்கு 30, தொகுப்புக்கு 30, ஆண்டுக்கு 4, உபரிக் குறிப்புக்கு 30, பாட்டின் இனத்தைக் காட்ட ஓர் எண். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை என்னும் நாமதேயத்தை வழக்கமான ஆங்கில எழுத்துக் கூட்டலில் எழுதிப் பாருங்கள். ஊரும் பெயரும் நடுவில் ஓர் இடைவெளியும் சேர்ந்து சரியாக முப்பது எழுத்தில் முடிந்து, ‘பிள்ளை’ வாசலுக்கு வெளியே நின்றுவிடுகிறார். இனத்தைக் காட்டும் எண்களின் மூலப் பட்டியலில் எண்பது இனங்கள் உண்டு. ஐரோப்பியக் குடியானவர் நடனமாகிய போல்காவுக்கும் அதில் இடம் கிடைத்தது, கர்நாடக சங்கீதத்துக்குக் கிடைக்கவில்லை. பட்டியல் போட்டவர்களைக் குறை கூறிப் பயனில்லை. அவர்கள் தங்கள் வீட்டுப் பாட்டுக்கு அலமாரி செய்தார்கள். பின்னால் வந்த விரிவான ஏற்பாட்டில் நீளத்துக்கு வரம்பு போயிற்று, சாகித்திய கர்த்தாவுக்கும் ஓர் அறை கிடைத்தது. ராகம், தாளம், சபை ஆகியவற்றுக்கு இன்றும் பெயரிட்ட அறை இல்லாமையால், ஒருவர் ராகத்தை இனத்தின் அறையிலும், மற்றொருவர் உபரிக் குறிப்பிலும், வேறொருவர் பாட்டின் பெயரோடு சேர்த்தும் எழுதுகிறார். அவரவர் கம்ப்யூட்டரில் அவரவர் பழக்கம் செல்லும். இடம் மாறிப் புதிய யந்திரத்தில் புதிய பிளேயர் வந்து, அது அந்த அறையைத் திறந்தே காட்டாதபோதுதான் சங்கடம் தெரிகிறது.

தமிழில் பெயர் எழுதுவோருக்கு வேறொரு விசித்திரமான தொல்லை உண்டு. யூனிகோடு வருவதற்கு முன், தஸ்கி முதலிய எழுத்துருக்களில் பெயரிட்டவை புதிய யந்திரத்தில் குறி மேல் குறி ஏறிய அந்நிய எழுத்துக்களாய்த் தோன்றுவதை யாவரும் அறிவர். அதற்கு மாற்றிகள் உள்ளன. யூனிகோடிலேயே மறைந்திருக்கும் தொல்லையை அறிந்தவர் சிலரே. ஓகாரக் குறியை ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம். இரட்டைக்கொம்பு ஒன்று, கால் ஒன்று என்று இரண்டு குறியெண்களாகப் பிரித்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. யந்திரத்துக்கு இரண்டும் வேறு. விண்டோஸ் கம்ப்யூட்டரில் தட்டச்சு செய்தால் பெரும்பாலும் சேர்ந்தே விழும். 2017 வரை மாக் கம்ப்யூட்டர்களில் வழங்கிவந்த ஃபைல் ஏற்பாடோ அதைப் பிரித்தே எழுதி வைத்தது. தியாகையர் அரங்கன்மேல் பாடிய ஸ்ரீரங்க பஞ்சரத்தினத்தின் ஐந்து கீர்த்தனங்களையும் ராகப் பெயராலேயே தமிழில் பெயரிட்டு ஒரு பிளேலிஸ்ட் ஆக்கி வைத்திருப்பவர், பழைய மாக்கிலிருந்து விண்டோஸுக்கு மாறுவதாக வைத்துக்கொள்வோம். ஆரபியும் ஸாரங்காவும் தேவகாந்தாரியும் அழைத்த குரலுக்கு வந்து நிற்கும். தோடியும் காம்போஜியும், ஃபோல்டரில் கண்ணெதிரே இருந்தும், ‘காணவில்லை’ என்று பதில் வரக்கூடும். ஏனெனில் அவ்விரண்டில்தான் ஓகாரம் இருக்கிறது. மோகனத்துக்கும் இதே கதி. மறுபடி ஒரு முறை படியெடுத்தால் ஒரே ஃபோல்டரில் இரண்டு தோடிகள் அருகருகே உட்கார்ந்திருக்கும் வேடிக்கையையும் காணலாம். காரணம் தெரியாதவர் புதிய கம்ப்யூட்டரைத் திட்டுவார். கடைக்காரர் வைரஸ் என்பார். பெயர்களை ஒரே முறைக்கு மாற்றித் தரும் சிறு புரோகிராம்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

இதைவிடச் சகஜமான நஷ்டம் வரிசையைப் பற்றியது. கச்சேரி என்பது வர்ணத்தில் தொடங்கி மங்களத்தில் முடிவது. ஃபைல்களுக்கு முன்னால் வரிசை எண் இராவிடில், புதிய பிளேயர் அவற்றை அகராதி முறையில் அடுக்கும். தமிழ் அகராதியிலும் சரி, ஆங்கில அகராதியிலும் சரி, மங்களம் முன்னே வந்து வர்ணம் பின்னே நிற்கும். எண் இட்டவர்களும் 1, 2 என்று இட்டால் சில யந்திரங்களில் 1-ஐ அடுத்துப் 10 வரும். 01, 02 என்று இடுவதே உசிதம். ராகம், தானம், பல்லவியை மூன்று எம்.பி.3 ஃபைல்களாக வெட்டி வைப்பது என் மனத்துக்கு ஒவ்வாத மற்றொரு வழக்கம். ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்குமிடத்தில் பல பிளேயர்களில் ஒரு சிறு மௌனம் விழுந்து, தானத்தின் ஓட்டத்தை முறித்துவிடுகிறது.

பிளேலிஸ்ட், நட்சத்திர மதிப்பு, எத்தனை முறை கேட்டோம் என்ற கணக்கு ஆகியவை பாட்டு ஃபைலுக்குள் இருப்பதாகப் பலர் எண்ணுகிறார்கள். பெரும்பாலும் அவை பிளேயரின் சொந்தக் கணக்குப் புத்தகத்தில் இருக்கின்றன. ஐடியூன்ஸ் உபயோகித்தவர்கள் பாட்டு ஃபோல்டரை மட்டும் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு போய், பாட்டுக்களெல்லாம் வந்தும் பல ஆண்டு உழைப்பில் அமைத்த பட்டியல் ஒன்றும் வரவில்லையே என்று மனம் வருந்துவது இதனால்தான். பாட்டு ஃபோல்டரோடு நூலக ஃபைலையும் கொண்டுபோக வேண்டும், அதற்கு முன் அங்குமிங்கும் சிதறிக் கிடப்பவற்றை ஒரே இடத்தில் திரட்டும் கட்டளையையும் இயக்கியிருக்க வேண்டும். மற்ற பிளேயர்களின் எம்3யூ பட்டியல்கள் வெறும் எழுத்து ஃபைல்களாதலால் திறந்து படிக்கலாம், திருத்தலாம். ஆனால் அவற்றில் ‘டி டிரைவில் இன்ன ஃபோல்டர்’ என்று முழு விலாசம் எழுதியிருந்தால், புதிய யந்திரத்தில் அந்த டிரைவ் ‘ஈ’ என்று பெயர் மாறிய மாத்திரத்தில் பட்டியல் முழுவதும் விலாசம் தவறிய தபாலாகிவிடும். பாதையைச் சார்பாக எழுதும் வசதி இருப்பின் அதையே கொள்ளுக. தேதி விஷயத்திலும் எச்சரிக்கை வேண்டும்: விண்டோஸில் படியெடுத்தால் ‘உருவாக்கிய தேதி’ அன்றைய தேதியாகிவிடும். அதை நம்பிக் கேஸட்டை மாற்றிய காலத்தைக் குறித்து வைக்காமல் விட்டவருக்கு அந்தச் செய்தியும் போய்விடும்.

விலைக்கு வாங்கிய பாட்டுக்களில் பூட்டுப் போட்டு, இத்தனை கம்ப்யூட்டரில்தான் ஒலிக்கும் என்று வரையறுத்த காலம் ஒன்றிருந்தது. ஆப்பிள் நிறுவனம் 2009-இல் பாட்டுக்களுக்கு அதைக் கைவிட்டு, 2012-இல்தான் இந்தியாவில் கடை திறந்ததால், அத்தொல்லை அமெரிக்காவிலுள்ள பிள்ளைகள் வாங்கித் தந்த பாட்டுக்களோடு நின்றது. இணையத்தில் மாதச் சந்தா கட்டிக் கேட்பவர்களுக்கு மாற்ற வேண்டிய சுமையே இல்லை என்பது உண்மைதான். அவர்களிடம் சேகரமும் இல்லை; பட்டியல் மட்டுமே இருக்கிறது. உரிமை ஒப்பந்தம் முடிந்த பாட்டு ஒரு நாள் சொல்லாமல் மறைந்துவிடும். தவிரவும், வானொலியிலிருந்து பிடித்த ஆலத்தூர் தோடி எந்தச் சந்தாவிலும் கிடைக்கப்போவதில்லை.

ஸ்ரீரங்கத்தில் பால்யத்தைக் கழித்து, மின்னணுத் துறை எஞ்சினியராய்ப் பணிபுரிந்து, கம்ப்யூட்டரைத் தமிழ் வாசகர்களுக்குச் சினேகமாக்கி வைத்த எழுத்தாளர் சுஜாதா 2008-இல் மறைந்தார். அவர் ஊர்க்காரர்கள் இன்று இந்தக் காரியத்தை எப்படிச் செய்கிறார்கள் என்று பார்த்தால், பெரும்பான்மையோர் பிள்ளை விடுமுறைக்கு வரும்போது ஒரே மூச்சில் இழுத்துப் போடச் சொல்லி, இரண்டு பாட்டை ஒலிக்கவிட்டுத் திருப்தியடைந்து, பழையதை அன்றே கடையில் மாற்றிக் கொடுத்துவிடுகிறார்கள். மாற்றியபின் ஒவ்வொரு ஃபைலும் மூலத்தோடு ஓர் எழுத்தும் பிசகாமல் ஒத்திருக்கிறதா என்று ஹாஷ் எண்ணால் சரிபார்க்கும் புரோகிராம்கள் உள்ளன. ஆயிரக்கணக்கான பாட்டுக்களைக் காதால் கேட்டுச் சரிபார்ப்பது இயலாத காரியமாதலால் இந்த வழி தவிர வேறில்லை. குறிப்புகளை அவ்வாறு யந்திரம் சரிபார்க்காது. அதற்கு ஆள்தான் உட்கார வேண்டும்: கேஸட் அட்டைகளைப் புகைப்படம் எடுத்து அந்தந்த ஃபோல்டரிலேயே போட்டுவைப்பதும், பாடகர், பக்கவாத்தியம், ராகம், நிலையம், தேதி என்று ஒரு விரிதாளில் எழுதிவைப்பதும், வயலின் யார் என்று வில்லின் நாதத்தைக் கேட்ட மாத்திரத்தில் சொல்லக்கூடிய பெரியவர் வீட்டில் இருக்கும்போதே அவரைப் பக்கத்தில் உட்கார்த்திக் கேட்டுக்கொள்வதும் அவசியம். ராகப் பெயரைத் தமிழில் எழுதுவதா ஆங்கிலத்தில் எழுதுவதா என்ற சர்ச்சை ரசிகர்களிடையே இன்னும் ஓயவில்லை. ஆங்கிலத்தில் காம்போஜியை ஆளுக்கு ஒரு விதமாக எழுதுகிறபடியால் தேடினால் பாதி அகப்படுவதில்லை. ஓகாரத் தொல்லை இருந்தும் நான் தமிழையே சிபாரிசு செய்வேன்.

படிகள் எத்தனை, எங்கே என்பது கடைசிக் கேள்வி. மூன்று படிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்றேனும் வேறிடத்தில் என்பது உலகெங்கும் வழங்கும் விதி. வேறிடம் என்பதை அடுத்த தெரு என்று நம்மவர் எடுத்துக்கொள்ளலாகாது. 1977 நவம்பரில் திருச்சியில் புகுந்த வெள்ளத்தை நினைவில் வைத்திருப்பவர்கள் இவ்வூரில் இன்னும் இருக்கிறார்கள். மாடியில் ஒரு படியும் கூடத்தில் ஒரு படியும் வைத்திருப்பது தண்ணீருக்கு ஒருவேளை ஈடுகொடுக்கலாம், திருட்டுக்கும் மின்னலுக்கும் கொடுக்காது. பெங்களூரிலோ டொராண்டோவிலோ இருக்கும் பிள்ளையின் வீட்டில் ஒரு டிஸ்க் இருக்கட்டும். அவர் வரும்போதெல்லாம் புதிதாய்ச் சேர்ந்ததை அதில் ஏற்றி, விரிதாளையும் அட்டைப் படங்களையும் சேர்த்தே அனுப்புக. பழைய கம்ப்யூட்டரைக் கடைக்குக் கொடுப்பதானால், அதன் டிஸ்க்கை மட்டும் கழற்றி வாங்கிக்கொண்டு, மேலே தேதியைப் பேனாவால் எழுதி, அடுத்த மாற்றம் வரும்வரையாவது அலமாரியில் வைத்திருக்கலாம். கழற்றித் தரக் கடைக்காரர் கேட்கும் கூலி சொற்பமே.